பெங்களூர் என்று ஒரு கேள்விகூட இல்லை

பெங்களூர்,
22.1.2012

அன்புள்ள உங்களுக்கு,

பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பேசிக்கொண்டபடி முதல் கடிதத்தை நானே போட்டுவிட்டேன். யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த பொங்கல் வந்துவிடும். போன் நமக்குச் சரிப்படவில்லை. 'சாப்பிட்டியா', 'ஆச்சு', அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுவிடுகிற சத்தம். யார் முதலில் வைப்பது என்பதில் வேறு ஒரு மனக்கசப்பு. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. எழுத ஒன்றும் இல்லையென்றால் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

இங்கே ஜெயநகரில் குளிர் இன்னும் விடவில்லை. வீட்டுக்காரம்மா மாடிக்கு வெந்நீர் வரும் நேரத்தை மாற்றிவிட்டார். மற்றபடி குறையில்லை.

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதேயில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் உதவி வேண்டும். இன்டர்நெட் இல்லாத சாதாரண போன் வைத்திருப்பவர்கள் ஒரு எண்ணுக்கு மெசேஜ் அனுப்பி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பஸ் எப்போது, டாக்டர் இருப்பாரா, பட்டு என்ன விலை, நாளைக்கு மழை உண்டா. பதில் ஒரே மெசேஜில், நூற்றறுபது எழுத்துக்குள் போக வேண்டும். தேடிக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர். அது கேட்டவர் கைக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும், எது முன்னால் வர வேண்டும், கேள்வி புரியவில்லையென்றால் மரியாதை கெடாமல் திருப்பிக் கேட்பது எப்படி என்று வகுத்துக் கொடுப்பது நான். படம் கிடையாது, பட்டன் கிடையாது. வார்த்தைதான் எல்லாம்.

ஏதாவது ஓர் ஊரில் முதலில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் சீனிவாசன் சார் சொன்னார். எனக்கு மேலே இருப்பவர் அவர். நான் யோசிக்காமல் காஞ்சிபுரம் என்றேன். எண்ணை இத்துடன் எழுதியிருக்கிறேன். நம் தெருவில் கொடுங்கள். ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: யார் என்ன அனுப்பினாலும் நான் படிப்பேன், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதற்கு. அதற்குச் சம்மதிக்கிறவர்களுக்கு மட்டும் கொடுத்து, அவர்கள் எண்களை எழுதி அனுப்புங்கள்.

ஊறுகாய் ஜாடியை மூடி வையுங்கள். மூடியிருக்க மாட்டீர்கள்.

அன்புடன்,
துர்கா


சின்ன காஞ்சிபுரம்,
5.2.2012

அன்புள்ள துர்காவுக்கு,

ஜாடி மூடித்தான் இருக்கிறது. ஊறுகாய்தான் இல்லை.

தை மாதக் கல்யாணக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பதினைந்து பேர் வந்து ஒரு புடவைக்குப் பதினைந்து அபிப்பிராயம் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிவிட்டு, மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு வாயில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பேச ஆளும் இல்லை, அதனால் சரியாகப் போகிறது.

எண்ணைத் தெருவில் கொடுத்துவிட்டேன். துர்கா எல்லாவற்றையும் படிப்பாள் என்று சொன்னால் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். நம் ஜனங்களை நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்கா தறியை விட்டு எழுந்து வந்து, "அப்போ போன் பண்ணத் தேவையில்லப்பா. இதுலயே துர்காவ விசாரிச்சிக்கலாம்" என்றாள். நான் அதற்கில்லை என்று விளக்கினேன். தலையாட்டினாள், ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தையல்கடை கிறிஸ்டோபருக்கு ஒரு வருத்தம். வாலாஜாபாத் பஸ் கேட்டிருக்கிறான், பதில் வந்திருக்கிறது. மனுஷன் மரியாதைக்கு 'நன்றி' என்று போட்டிருக்கிறான். உடனே நன்றி என்ற பெயரில் எங்கேயோ இருக்கும் ஒரு பாத்திரக்கடை விலாசம் வந்திருக்கிறது. விலாசம் கொடுத்ததற்கும் நன்றி சொல்லியிருக்கிறான். மறுபடி அதே கடை. நன்றி சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொன்னாலும் விட மாட்டேன் என்கிறது என்று என்னிடம் வந்து நிற்கிறான். நீதான் ஒரு வழி செய்ய வேண்டும்.

சம்மதித்தவர்கள் எண்களைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கடைசியில் என்னுடையதும் இருக்கிறது. நானும் அவ்வப்போது ஏதாவது அனுப்புகிறேன்.

அன்புடன்,
தினகரன்


பெங்களூர்,
11.3.2012

அன்புள்ள உங்களுக்கு,

கிறிஸ்டோபரிடம் சொல்லுங்கள், பாத்திரக்கடை இனி வராது. நன்றி சொன்னால் 'நல்லது' என்று மட்டும் பதில் போகும். இதற்குக்கூட ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருந்தது. நன்றி சொல்கிறவருக்கு எதற்குப் பதில், சும்மா இருந்துவிடலாமே என்றார்கள். நம் ஊரில் அப்படிச் சும்மா இருந்தால் கோபித்துக்கொண்டதாக அர்த்தம் என்றேன்.

கமலவேணி அக்கா அனுப்புவதைப் படித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. எல்லா மெசேஜும் 'துர்கா நல்லா இருக்கியாமா' என்றுதான் ஆரம்பிக்கிறது. 'இளைச்சிட்டியாமே' என்று ஒருநாள் கேட்டிருந்தாள். கம்ப்யூட்டர் அவளுக்கு உடம்பு இளைக்க வைக்கிற நிலையத்தின் விலாசத்தை அனுப்பிவிட்டது. அக்காவுக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன். யாருமே கேட்க வந்ததை முதல் மெசேஜில் கேட்பதில்லை. யாரென்று சொல்ல மாட்டேன், ஒருவர் செங்கல்பட்டுக்குப் பஸ் கேட்டார். பதில் போனது. கொஞ்ச நேரம் கழித்து, அங்கே ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை உண்டா என்றார். அதற்கும் போனது. மறுநாள்தான் வந்தது, மார்பில் கட்டி இருந்தால் எந்த டாக்டரைப் பார்ப்பது என்று. பஸ் நேரத்தோடு நாம் நிறுத்திக்கொண்டிருந்தால் அந்த அம்மா அங்கேயே நின்றிருப்பார். அதனால் இனி எல்லாப் பதிலின் அடியிலும் 'வேறு என்ன வேண்டும்?' என்று போடச் சொல்லிவிட்டேன். எழுத்து வீணாகிறது என்கிறார் சீனிவாசன் சார். நான் விடவில்லை.

இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே ஐந்து வருஷம் பார்த்தேன். நான் வேலைக்குப் போகிறேன் என்றபோது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, பெட்டியின் பூட்டு சரியாக இருக்கிறதா என்று. போகாதே என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் பஸ் நகரும்வரை அதை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று ஏனோ எழுதத் தோன்றியது. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்களும் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள், நாலு பேர் கேட்டால்தான் குறை தெரியும்.

அன்புடன்,
துர்கா


சின்ன காஞ்சிபுரம்,
10.6.2012

அன்புள்ள துர்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பூட்டு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன், அது நிஜமாகவே சரியில்லாமல்தான் இருந்தது.

அக்காவுக்குக் கோபமெல்லாம் இல்லை. அந்த விலாசத்தை எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

கருட சேவை நல்லபடியாக முடிந்தது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். விடியற்காலையில் பெருமாள் கோபுரவாசலுக்கு வந்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். உன் போன் வந்ததும் உனக்கு உடம்புக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். நீயானால் எடுத்த எடுப்பில், "பெருமாள் இப்ப எங்க இருக்காரு, சீக்கிரம் சொல்லுங்க" என்றாய். தெருவில் பாதிப் பேர் உன் எண்ணுக்கு அதையே கேட்டு அனுப்பிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கோயில் விலாசத்தையே அனுப்பியிருக்கிறது. பெருமாள் கோயிலில் இல்லாத நாளே அதுதான் என்பது அதற்கு எப்படித் தெரியும்!

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. செருப்பை யார் வீட்டு வாசலிலோ விட்டுவிட்டுக் குடைக்குப் பின்னாலேயே ஓடினேன். இதோ தேரடி தாண்டியாச்சு, இதோ காந்தி ரோடு, இதோ பூக்கடைச் சத்திரம், இங்கே கொஞ்ச நேரம் நிற்பார் என்று நான் கத்தக் கத்த நீ அங்கே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கையாலேயே பதில் அடித்திருக்கிறாய். கங்கைகொண்டான் மண்டபத்துப் பக்கம் இடம்பிடித்து நின்ற கமலவேணி அக்கா, போனை எல்லோருக்கும் நீட்டிக் காட்டி, "நம்ம துர்கா பெங்களூர்லருந்து சொல்லுது, பெருமாள் வந்துக்கினு இருக்காராம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நாம் போனில் அவ்வளவு நேரம் பேசியது கிடையாது. அன்று வைக்கும்போது யார் முதலில் வைத்தோம் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கடிதத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. வேறு விதமாகக் கேட்கிறேன். உனக்குப் புரியும்.

அன்புடன்,
தினகரன்


பெங்களூர்,
15.7.2012

அன்புள்ள உங்களுக்கு,

கருட சேவைக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சீனிவாசன் சாருக்கும் அந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். செருப்பு கிடைத்ததா?

ஏதோ கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். போனில் கேட்பீர்கள் என்று நினைத்து ஒரு வாரம் குளிக்கப் போகும்போதுகூட போனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனேன். வரவில்லை. சரி, உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கேளுங்கள். அவசரமில்லை.

வேலையில் நல்ல பேர். காஞ்சிபுரத்தைப் பார்த்து இன்னும் இரண்டு ஊர்களில் ஆரம்பிக்கப் போகிறார்கள். நான் இன்னும் இரண்டு வருஷமாவது இங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சரி என்றேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் 'உன் இஷ்டம்' என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போன வாரம் ஒரு கணக்கு எடுக்கச் சொன்னார்கள், நம் ஊர்க்காரர்கள் எந்தெந்த ஊரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று. சென்னை, ஸ்ரீபெரும்புதூர், வேலூர், திருப்பதி எல்லாம் வரிசையாக வந்தது. ஒருவர் காசிக்கே வழி கேட்டிருக்கிறார். பெங்களூர் என்று ஒரு கேள்விகூட இல்லை. இந்த ஊரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அங்கே யாருக்கும் ஞாபகமில்லை போலிருக்கிறது. சும்மா வேடிக்கைக்குத்தான் எழுதுகிறேன், ஆனாலும் பார்த்தபோது கொஞ்சம் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரம்மா குடும்பத்தோடு எங்காவது கிளம்பிவிடுகிறார். வீடு முழுக்கச் சத்தமே இருக்காது. நான் பழைய மெசேஜ்களை எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் கூட்டம் குறைவாக இருக்குமே, நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
துர்கா


சின்ன காஞ்சிபுரம்,
2.9.2012

துர்காவுக்கு,

இங்கே நலம்.

எங்கள் கடைக்குப் பெங்களூரில் கிளை திறந்தாயிற்று. ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் விளக்கேற்றினார்கள். பொறுப்பாளராக ராமராஜன் போயிருக்கிறான். எனக்குக் கீழே இருந்த பையன், கெட்டிக்காரன், நன்றாகப் பார்த்துக்கொள்வான்.

முதலாளி முதலில் சொன்னது என் பெயரைத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று ஆனி முழுக்க இழுத்தடித்தேன். உன் பதிலுக்காகத்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே அவரிடம் போய், எனக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் வர வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். நான் என்ன சண்டையா போடப் போகிறேன். தெருவில் யார் யார் என்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறாய், கிறிஸ்டோபரின் நன்றியைக்கூட விடவில்லை. ஒரு மாதம் தினமும் நான் கேட்டதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குமேல் பெங்களூர் என்று ஒரு கேள்விகூட இல்லை என்று எழுதி, வேடிக்கைக்கு என்றும் சேர்த்து எழுதினாய். அந்த வேடிக்கை எனக்குப் புரிந்தது. அந்தக் கடிதத்தைக் கடையில் எல்லோர் முன்னாலும் வைத்துப் படித்தேன், அதுதான் என் தப்பு.

இனி அந்த எண்ணுக்கு நான் எதுவும் அனுப்ப மாட்டேன். என்னைக் கணக்கில் வைக்க வேண்டாம்.

தினகரன்


பெங்களூர்,
7.9.2012

அன்புள்ள உங்களுக்கு,

வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பியது எதையும் நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் நீங்கள் எண்களை எழுதி அனுப்பினீர்கள் அல்லவா, அதில் கடைசியில் உங்கள் எண் இருந்தது. அதை மட்டும் என் பார்வைக்கு வராமல் நீக்கிவிடுங்கள் என்று அன்றே ஆபீஸில் சொல்லிவிட்டேன். தெருக்காரர்கள் கேட்பதைப் படிப்பது வேலை. கட்டின புருஷன் என்ன தேடுகிறார், எதற்கு வழி கேட்கிறார் என்று ஆபீஸில் உட்கார்ந்து படிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது, வேவு பார்க்கிற மாதிரி. உங்களிடம் சொன்னால், நான் அப்படி என்ன மறைக்கப் போகிறேன் என்று நினைப்பீர்களோ என்று சொல்லாமல் விட்டேன், தாராளமாக அனுப்புங்கள் என்றும் எழுதிவிட்டேன். நீங்கள் அதன் வழியாக என்னிடம் கேட்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கமலவேணி அக்கா என்னை அதிலேயே நலம் விசாரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தும் தோன்றவில்லை.

இன்று காலையில் சீனிவாசன் சாரிடம் போய், நீக்கிய எண்ணிலிருந்து வந்ததை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். அப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைப்பதே இல்லையாம், பதில் போனதுமே அழிந்துவிடுமாம், ஊர்க் கணக்கிலும் சேராதாம். அதனால் நீங்கள் கேட்டதை நானும் படிக்கவில்லை, வேறு யாரும் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் பாட்டுக்குப் பதில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என்ன கேட்டீர்கள்? எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அப்படி ஒரு குத்தலாக நீங்கள் படித்திருப்பீர்கள் என்பதை நினைத்தால் தாங்க முடியவில்லை.

துர்கா


சின்ன காஞ்சிபுரம்,
23.9.2012

அன்புள்ள துர்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். நன்றாக வாய்விட்டுத்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படித்தேன். ஒருவருமே படிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

என்ன கேட்டேன் என்று சொல்கிறேன். முதலில் இங்கிருந்து பெங்களூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்ன, நான் எத்தனை முறை ஏற்றிவிட்டிருக்கிறேன். பதில் வந்தது. அடியில் 'வேறு என்ன வேண்டும்?' என்று இருந்தது. நீதான் கேட்கிறாய் என்று நினைத்தேன். நீ எழுதிய வார்த்தை என்று எனக்குத் தெரியுமே. அதனால் தைரியம் வந்து மறுநாள் ஜெயநகரில் இரண்டு பேர் இருக்கிற மாதிரி வீட்டு வாடகை என்ன என்று கேட்டேன். வாடகை வந்தது, வேறு என்ன வேண்டும் என்று வந்தது. அங்கே தமிழ்ப் பேப்பர் கிடைக்குமா, நம்ம ஊர் மாதிரி இட்லி எங்கே கிடைக்கும், எங்கள் கிளை வரப்போகிற தெருவிலிருந்து ஜெயநகருக்கு எவ்வளவு தூரம், இப்படியே தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று கேட்பேன். நீ சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னோடு அவ்வளவு சுலபமாக நான் என்றைக்கும் பேசியதில்லை.

கடைசியாக, புருஷன் வந்தால் பெண்சாதிக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். 'தகவல் இல்லை. வேறு விதமாகக் கேட்கவும்' என்று வந்தது. வேறு விதமாகக் கேட்டேன். மறுபடி தகவல் இல்லை என்றது. நீ கொஞ்சம் யோசிக்கிறாய் என்று நினைத்து விட்டுவிட்டேன். இதைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லிவிடாதே.

பெங்களூர்க் கடைக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டுமாம். தீபாவளிக்குள் சொல்லு என்று முதலாளி மறுபடி கேட்டார். அதனால் இந்த முறை நேராகவே கேட்டுவிடுகிறேன் துர்கா. கடையும் ஒன்றுமில்லை, பஸ்ஸும் ஒன்றுமில்லை. நீ இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. நான் அங்கே வந்து உன்னோடு இருக்கட்டுமா?

பதில் எதுவானாலும் எழுது.

அன்புடன்,
தினகரன்


பெங்களூர்,
14.10.2012

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று வாரமாக உங்களைக் காக்க வைத்துவிட்டேன். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தே செய்தேன், மன்னிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே 'வாருங்கள்' என்று பதில் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டி ஆபீஸ் போகிற வழியில்தான் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போனேன், தாண்டியே வந்தேன். நேரமாகிவிட்டது, மழை வருகிறது, சாயங்காலம் போடலாம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. ஒருநாள் கைப்பையில் அந்த உறை கசங்கிக் கிடந்ததைப் பார்த்தபோதுதான், நான் அதைப் போடப் போவதில்லை என்று எனக்கே தெரிந்தது.

உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பியது எல்லாம் அழிந்துவிட்டது என்று சீனிவாசன் சார் சொன்னபோது எனக்கு முதலில் வருத்தம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் கேட்டதற்குப் பதில் போகவில்லையென்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் ஒரு மாதம் கேட்டதெல்லாம் தொலைந்துபோனதில் எனக்கு நிம்மதி வந்ததே, அது ஏன் என்றுதான் இந்த மூன்று வாரமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் எண்ணை நீக்கியதற்கு நான் எழுதிய காரணம் பொய்யில்லை. ஆனால் கூச்சம் மட்டுமில்லை, இப்படி ஒரு கேள்வி வந்துவிடுமோ என்ற பயமும் அதில் இருந்திருக்கிறது.

உங்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஐந்து வருஷத்தில் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் மிகவும் தனியாக இருந்தேன். நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். இங்கேயும் தனியாகத்தான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சில சமயம் அழுகைகூட வரும். ஆனால் இங்கே ஏன் தனியாக இருக்கிறேன் என்று கேட்டால், கூட ஆள் இல்லை, அதனால் என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஆள் இருந்து, சாப்பாடு போட்டு, விளக்கணைத்து, அப்போதும் தனியாக இருப்பது மறுபடி என்னால் முடியாது. கடிதத்தில் நீங்கள் எவ்வளவு நல்ல மனுஷர் என்று தெரிகிறது. கருட சேவை அன்று போனிலும் தெரிந்தது. ஒரே அறைக்குள் வந்தால் அந்த மனுஷரை நாம் இரண்டு பேருமே தொலைத்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் என்னிடம் நேராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு நான் சுற்றி வளைத்துப் பதில் சொல்லக் கூடாது.

வர வேண்டாம்.

பெங்களூர்க் கடை உங்களுக்குப் பிடித்திருந்தால் என்னை நினைத்து விட்டுவிடாதீர்கள். ஊர் பெரியது. ஆனால் எனக்காக என்று வர வேண்டாம். கமலவேணி அக்காவுக்கு நானே தனியாக எழுதுகிறேன், அவள் கேட்டால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் என் பொருள்களை எடுக்கத் தை மாதம் ஒருநாள் பகலில் வருகிறேன். நீங்கள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

இதற்குப் பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. போட்டால் படிப்பேன்.

அன்புடன்,
துர்காதேவி